நீலம் விழாத ஐம்பத்திரண்டு விநாடி

எண்பது பேர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில், திரைக்கு முதுகு காட்டி உட்காரும் உத்தியோகம் ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. சிரிப்புக் குறிப்பாளர் என்பது அவருடைய பதவியின் பெயர். அசைவூட்டப் படங்கள் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், ஒரு படம் முடியும் தறுவாயில் நாற்பது குழந்தைகளையும் நாற்பது பெரியவர்களையும் வரவழைத்துப் போட்டுக் காட்டுவார்கள். திரைக்குக் கீழே, மூடியிட்ட சிறு விளக்கு எரியும் மேசையில், குறிப்பாளர் அந்த எண்பது முகங்களையும் பார்த்தபடி அமர்ந்திருப்பார். முன்னால் ஒரு தாள் சுருள். அதில் விநாடிக்கு ஒரு கட்டம். குழந்தைகள் சிரித்தால் இடக்கையிலுள்ள சிவப்புப் பேனா, பெரியவர்கள் சிரித்தால் வலக்கையிலுள்ள நீலப் பேனா. சிரிப்பின் அளவுக்கேற்ப ஒன்று முதல் ஐந்து வரை எண். இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் எழுதப் பழக அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்தத் திறமையால் வீட்டுக்கு ஒரு துரும்பளவு பயனும் இல்லை என்பது அவருடைய மனைவியின் கணிப்பு.

படத்துக்காக அல்லாமல் வேறெதற்காகவோ கூடம் சிரித்தால், எழுதிய எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். யாராவது பலமாகத் தும்மலாம். தண்ணீர்ப் பாட்டில் ஒன்று படிப்படியாக உருண்டு கீழே வரலாம். வட்டமிட்ட சிரிப்பு செல்லாது. குறிப்பாளரைத் தவிர நிறுவனத்தார் யாரும் அப்போது கூடத்துக்குள் வரக் கூடாது. அந்தப் பென்சில் எப்போதும் அவர் காதிடுக்கில் இருக்கும்.

குறிப்பாளர் படத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் விதிதான். அவருக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்; பார்த்தவர் சிரித்தார்; அவர் சிரிப்பதைப் பார்த்துக் கூடம் சிரித்தது; அந்தச் சிரிப்பை அவரே ஐந்து என்று எழுதிக்கொண்டார். படம் வெளியானபோது ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனவே இவர் பதினான்கு வருடங்களில் பதினொரு படங்களைக் காதால் கேட்டிருந்தார். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

ஒரே கட்டத்தில் சிவப்பும் நீலமும் விழுந்தால் அதற்கு ஊதா என்று பெயர். அலுவலகத்தில் காலை வணக்கத்துக்குப் பதிலாக, "ஊதா வந்துச்சா?" என்றே கேட்டுக்கொள்வார்கள். இயக்குநர் ஊதாவில் மட்டுமே நம்பிக்கை வைத்த மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "குழந்தை தனியா தியேட்டருக்கு வராது. கூட்டிட்டு வர்ற ஆளு கொட்டாவி விட்டா, அடுத்த படத்துக்குக் கூட்டிட்டு வரமாட்டான்" என்பார். அவருடைய கலைக்கோட்பாடு அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

பன்னிரண்டாவது படத்தில் வந்தது வினை. படம் திட்டமிட்டதைவிட ஒரு நிமிடம் நீளமாகிவிட்டது. ஊதா விழாமல் மிக நீளமாகக் கிடக்கும் இடத்தை வெட்டுவது என்று இயக்குநர் அறிவித்தார். ஒரு முறை பார்த்து வெட்டுவதில்லை. பத்து நாள் இடைவெளியில் இரண்டு காட்சிகள், இரண்டு தாள்கள், இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் கத்தரி.

அறிவிப்பைக் கேட்டு முகத்தில் ஈயாடாமல் நின்றவள் ஓர் ஓவியக்காரி. அந்த நிறுவனத்தில் ஓவியர்களை அவர்கள் வரையும் பிராணியின் பெயரால் அழைப்பது வழக்கம். போன படத்தில் அவள் கழுதை. இந்தப் படத்தில் நீர்யானை. "பதவி உயர்வுதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஐம்பத்திரண்டு விநாடி ஓடும் ஒரு காட்சிக்காக ஏழு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தாள். முதல் காட்சியன்று காலை, குறிப்பாளர் விளக்கின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேசையருகே வந்து நின்றாள்.

"அண்ணே, நாப்பத்தி ஒண்ணாவது நிமிஷம் கொஞ்சம் காதைத் தீட்டி வச்சுக்கங்க."

"காது எப்பவும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"தெரியும். சும்மா சொன்னேன். நேத்து ராத்திரி சாப்பாடே இறங்கல."

அன்று பெரியவர்களில் ஒருவர் குறைந்தார். எண்ணிக்கை சரியில்லாவிட்டால் தாள் செல்லாது. குறிப்பாளர், வாழ்நாளில் முதல் முறையாக விதியை மீறி, பக்கத்துத் தெருவில் குழாய் பழுது பார்த்துக்கொண்டிருந்த தம் மச்சினனைத் தொலைபேசியில் அழைத்தார். ஊழியரின் உறவினர் பார்வையாளராக வரக் கூடாது. ஆனால் மச்சினன் இதுவரை ஒரு கார்ட்டூன் படம்கூடப் பார்த்ததில்லை என்பதால், இவ்வளவு நடுநிலையான மனிதர் வேறு யார் கிடைப்பார் என்று அவர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மச்சினன் ஆறடிக்குக் குறையாத உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்டவன், இன்னும் கல்யாணமாகாதவன். படம் தொடங்கிய பிறகு இருட்டில் தடவிக்கொண்டு வந்தவன், கைக்கு அகப்பட்ட முதல் இருக்கையில் உட்கார்ந்தான். முதல் மூன்று வரிசைகளும் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலிகள்.

நாற்பதாவது நிமிடம் முடியும்வரை அவன் பொறுத்துக்கொண்டான். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில், தன்னால் பின்னாலிருக்கும் சிறுமிக்குத் திரை மறைகிறது என்பது அவனுக்கு உறைத்தது. பண்பாக எழுந்தான். நாற்காலியும் எழுந்தது. பின்னால் திரும்பி, "மன்னிச்சுக்கம்மா" என்று குனிந்தான். குனிந்த வேகத்தில் இடுப்பில் மாட்டிய நாற்காலி பக்கத்து நாற்காலியைத் தட்டிவிட்டது. அதை நிமிர்த்தத் திரும்பினான், இன்னொன்று விழுந்தது.

கூடம் வெடித்தது. குழந்தைகள், பெரியவர்கள் என்ற பேதமே இல்லை. குறிப்பாளரின் இடக்கை சிவப்பில் ஐந்து எழுதியது, வலக்கை நீலத்தில் ஐந்து எழுதியது. அதன் பிறகு நடந்தது பதினான்கு வருடங்களில் நடவாதது: குறிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. வட்டம் போட வேண்டிய கையும் மற்றக் கையும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. பென்சில் காதிலேயே இருந்தது.

அவர் ஒருவழியாகப் பேனாக்களை மறுபடி எடுத்தபோது, முதுகுக்குப் பின்னால் நீர்யானைக் காட்சி தொடங்கிவிட்டிருந்தது. மெல்லிய இசை, ஏதோ பலகை கிறீச்சிடும் ஓசை. குழந்தைகள் மூன்று இடங்களில் சிரித்தார்கள்: சிவப்பில் மூன்று, நான்கு, நான்கு. பெரியவர்கள் பக்கம் குண்டூசி விழுந்தாலும் கேட்டிருக்கும். நான்காம் வரிசையில் ஒரு பெண் தன் முன்னால் சிரித்த பையனின் தோளைத் தட்டி, உதட்டில் விரல் வைத்தாள். சுவரோரம் இருந்த ஒருவரும் அப்படியே விரல் வைத்தார். கண்டிப்பான பெற்றோர் போலிருக்கிறது என்று குறிப்பாளர் எண்ணிக்கொண்டார். முகபாவம் எழுதுவதற்குத் தாளில் கட்டம் கிடையாது. நீலத்தில், ஐம்பத்திரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

மறுநாள் கூட்டத்தில் தாள் நீள மேசை முழுவதும் விரிக்கப்பட்டது. ஏழு பேர் குனிந்து பார்த்தார்கள். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் ஐந்தும் ஐந்தும். நிறுவனத்தின் வரலாற்றிலேயே பெரிய ஊதா. அந்த இடத்தில் திரையில் என்ன இருந்தது என்று போட்டுப் பார்த்தார்கள். ஒரு கதவு இருந்தது. மூடிய கதவு. நீர்யானை வீட்டுப் படுக்கையறைக் கதவு, மூன்று விநாடி, அசைவில்லை, ஒலியில்லை.

குறிப்பாளருக்குத் தாம் போடாத வட்டம் நினைவுக்கு வந்தது. காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கதவா?" என்றார் இயக்குநர்.

"கதவுதான் சார்" என்றார் படத்தொகுப்பாளர்.

"சத்தம் நிஜமாவே அவ்வளவு இருந்துச்சா?" என்று இயக்குநர் குறிப்பாளரைக் கேட்டார்.

"இருந்துச்சு சார்."

"குழந்தைங்களா, பெரியவங்களா?"

"ரெண்டு பேரும்தான் சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

பிறகு கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கருத்து வரப்போகிறது என்று அர்த்தம்.

"யோசிச்சுப் பாருங்க. மூடின கதவுன்னா குழந்தைக்கு என்ன? யாரோ வரப்போறாங்க. பெரியவங்களுக்கு என்ன? யாரும் வந்துடக் கூடாது. ஒரே கதவு. ஒருத்தருக்கு ஆசை, இன்னொருத்தருக்குப் பயம். ரெண்டும் ஒரே விநாடியில சிரிப்பா வெடிக்குது. நம்ம பதினோரு படத்துல தேடினது இதைத்தான்."

ஏழு பேரும் கதவை மறுபடி பார்த்தார்கள். இப்போது அது உண்மையிலேயே கொஞ்சம் வேடிக்கையாக இருப்பதாக இரண்டு பேருக்குத் தோன்றியது.

"கதவை இருபது விநாடி ஆக்குங்க" என்றார் இயக்குநர். பிறகு விரலை அடுத்த கட்டங்களின் மேல் நகர்த்தினார். "இந்த நீர்யானை... இவ்வளவு பெரிய ஊதாவுக்குப் பிறகும் நீலமே இல்லையே. ரெண்டாவது தாளும் இப்படியே சொன்னா எடுத்துடலாம்."

கூட்டம் கலைந்தபோது ஓவியக்காரி வாசலில் நின்றிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டிவிட்டது.

"அந்தக் கதவையும் நான்தான் வரைஞ்சேன் அண்ணே. ஒரு மத்தியானம், டீ ஆறுறதுக்குள்ள."

குறிப்பாளர் அவளைத் தேநீர் அறைக்குக் கூட்டிப்போனார்.

"உன் சீன்ல என்னதாம்மா நடக்குது? எனக்குக் கிறீச்சுனு ஒரு சத்தம் மட்டும்தான் தெரியும்."

அவள் வார்த்தையில் சொல்லவில்லை, நடித்துக் காட்டினாள். தேநீர் அறையில், கழுவிய கோப்பைகளுக்கு நடுவே, அப்பா நீர்யானையானாள். ஒரு துணிப்பையைக் குட்டியாகப் பாவித்து மேசைமேல் கிடத்தினாள். அடியில் சிக்கிய கையை ஒவ்வொரு விரலாக உருவினாள். நுனிக்காலில் வாசலை நோக்கி நகர்ந்தாள். தரைப்பலகை கிறீச்சிட்டது போல் உறைந்தாள். குட்டி ஒரு கண்ணைத் திறந்துவிட்டது என்று சாடையில் காட்டிவிட்டு, சட்டென்று ஒரு காலைத் தூக்கி, குப்பைக்கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"இது என்ன?"

"நிலைவிளக்கு" என்றது கூடைக்குள்ளிருந்து குரல். "குட்டி ஏமாந்து மறுபடி தூங்கிடும். ஆனா அப்பாவால அசைய முடியாது. அப்படியே நின்னபடிக்கே அதுவும் தூங்கிடும். அவ்வளவுதான் அண்ணே."

கோப்பை கழுவ வந்த அம்மாள் கூடையைத் திரும்பக் கேட்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அன்று மாலை வீட்டில் மச்சினன் காத்திருந்தான். இடுப்பில் தைலம் மணத்தது.

"மாமா, இடுப்புலேர்ந்து பிடுங்குறப்ப அந்த நாற்காலி உடைஞ்சுதே, அதுக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"நாற்காலியப் பத்தி யாருமே பேசல மாப்ள. கதவைப் பத்திதான் பேசினாங்க. உன் இடுப்பால ஒரு கதவுக்கு இருபது விநாடி கிடைச்சிருக்கு. ஒரு நீர்யானைக்கு வீடு போயிடுச்சு."

மச்சினன் திருதிருவென்று விழித்தான். விவரம் கேட்ட பிறகும் விழித்தான். மனைவி மட்டும் உடனே விஷயத்துக்கு வந்தாள்.

"வட்டம் போட மறந்துட்டேன்னு சொல்லிடுங்களேன். தலையா போயிடும்?"

"தலை போகாது, மேசை போயிடும். ஒரு வட்டம் மறந்தவன் எத்தனை வட்டம் மறந்திருப்பான்னு கேப்பாங்க. பதினாலு வருஷத்துத் தாளையும் பிரிச்சுப் போட்டுச் சந்தேகப்படுவாங்க."

"அதுக்கு அந்தப் பொண்ணோட ஏழு மாசம் போகணுமா?"

"ரெண்டாவது காட்சி இருக்கே. கதவுக்கு யாரும் சிரிக்கப் போறதில்ல. அதுவே சொல்லிடும். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "ரெண்டு கையாலயும் எழுதத் தெரிஞ்சவருக்கு ஒரு வாயால பேசத் தெரியல."

பத்தாம் நாள் இரண்டாவது காட்சி. நாற்பது குழந்தைகள், நாற்பது பெரியவர்கள், எல்லோரும் அந்நியர்கள். நாற்பத்தொன்றாவது நிமிடம் வந்தது. கதவும் வந்தது.

முதல் ஐந்து விநாடி கூடம் மரியாதையாகக் காத்திருந்தது. எட்டாவது விநாடியில் குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தாவதில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. குறிப்பாளருக்கு மூச்சு சீராக வந்தது. பதினான்காவது விநாடியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒரு குழந்தை கேட்டது:

"அம்மா, படம் நின்னு போச்சா?"

"இல்லம்மா, கதவு."

"அப்ப நாம போய்த் திறந்துட்டு வரலாமா?"

கூடம் முழுவதும் சிரித்தது. சிவப்பில் நான்கு. நீலத்தில் நான்கு. கைகள் தம் வேலையைச் செய்துவிட்டு நின்றன.

வட்டம் போடாவிட்டால் இரண்டு தாள்களும் ஒன்றுபோலச் சொல்லும். அவருடைய மறதி ஒருவருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போய்விடும். கதாசிரியரின் கருத்து நிலைபெறும். எல்லோருக்கும் நிம்மதி, ஒரு நீர்யானையைத் தவிர. வட்டம் போட்டால் முதல் தாளில் ஏன் வட்டம் இல்லை என்ற கேள்வி வரும். கதவைப் பார்த்துத்தான் அந்தக் குழந்தை பேசியது. ஆனால் கூடம் சிரித்தது குழந்தைக்கு. இதைப் பற்றி விதியில் தெளிவில்லை. அந்தத் தெளிவின்மை அவருக்கு இரண்டு விநாடி ஆறுதலாக இருந்தது. பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இரண்டு நான்குகளையும் சேர்த்து, சற்றுப் பெரிதாகவே, ஒரு வட்டம் போட்டார்.

போட்ட பிறகு இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற துணிச்சல் வந்தது. முதுகுக்குப் பின்னால் மெல்லிய இசை தொடங்கியது. பதினான்கு வருடங்களில் முதல் முறையாக, குறிப்பாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படம் பார்த்தார்.

மிகப் பெரிய நீர்யானை ஒன்று மிகச் சிறிய நீர்யானையின் அடியிலிருந்து கையை உருவிக்கொண்டிருந்தது. குழந்தைகள் களுக்கென்று சிரித்தார்கள். குறிப்பாளருக்கு அந்தக் கூடம் மறந்துபோயிற்று. அவருடைய மகளுக்கு இப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பகல் முழுவதும் அழுது ஓய்ந்தவளைத் தொட்டிலில் விட்டுவிட்டு அவர் தவழ்ந்து தவழ்ந்து அறையைவிட்டு வெளியேறியிருக்கிறார். பலகை கிறீச்சிட்டது. பெரிய நீர்யானை விளக்குக் கூண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றது. அவருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது, தொண்டைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் ஒரு குழந்தை உரக்கச் சிரித்தது. குறிப்பாளர் தம்மையறியாமல் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

வைத்த விரலை எடுக்காமலே எதிரே பார்த்தார். பெரியவர்கள் வரிசையில் ஏழெட்டு விரல்கள் ஏழெட்டு உதடுகளில் இருந்தன.

மறுநாள் நீள மேசையில் இரண்டு தாள்களும் அருகருகே விரிக்கப்பட்டன. இயக்குநரின் விரல் வட்டத்தில் வந்து நின்றது.

"இது எதுக்கு?"

குறிப்பாளர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். மச்சினனைக் கூப்பிட்டது, சின்ன நாற்காலி, மறந்துபோன வட்டம், நேற்றுத் திரும்பிப் பார்த்தது வரை எதையும் விடவில்லை. கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த ஆள் எப்படி எழுந்தாரு?" என்றார் இயக்குநர், விசாரணை அதிகாரியின் குரலில்.

குறிப்பாளர் உண்மையை மறைக்கும் எண்ணத்தை ஏற்கெனவே கைவிட்டிருந்தார். தம் நாற்காலியின் கைப்பிடிகளுக்குள் இடுப்பைச் செருகி, அதோடு எழுந்து, திரும்பி, படத்தொகுப்பாளரிடம் "மன்னிச்சுக்கம்மா" என்று குனிந்தார். தண்ணீர்க் குவளை விழுந்தது. ஆறு பேர் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை, ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் கொஞ்சம் குலுங்கின.

திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. "சரி. கதவு செல்லாது. ஆனா நீர்யானைக்கு ரெண்டு தாள்லயும் நீலம் இல்லையே. பெரியவங்களுக்குப் பிடிக்கலன்னுதானே அர்த்தம்?"

"இல்ல சார்."

"சத்தமே வரலையே?"

"எனக்கும் வரல சார். சத்தம் போட்டா குட்டி முழிச்சிரும்."

இயக்குநர் அவரையே பார்த்தார். மேசையின் மறுமுனையில் படத்தொகுப்பாளர் மெல்லத் தலையாட்டினார். அவருக்கு நான்கு மாதக் கைக்குழந்தை உண்டு, இரண்டு கண்களும் அதற்குச் சாட்சியாகச் சிவந்திருந்தன.

"அதட்டுறாங்கன்னு நினைச்சேன் சார், குழந்தைங்கள. அதட்டல. குட்டி முழிச்சுடப் போகுதேன்னு பதறிட்டிருந்தாங்க. அஞ்சு போடுற சிரிப்ப உள்ளயே அடக்கி வச்சிருந்தாங்க. அதை எழுத என்கிட்ட பேனா இல்ல."

இயக்குநர் தீர்ப்பு வழங்கினார். நீர்யானை இருக்கும். கதவு மூன்று விநாடிக்குத் திரும்பும். நீளத்தைக் குறைக்கக் கதாசிரியரின் மனம் கவர்ந்த ஒரு சூரிய அஸ்தமனம் வெட்டப்படும். அதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, வானத்தில் இருந்ததைத் தவிர. "நீங்க இனிமே அந்த மேசையில உட்கார முடியாது" என்று குறிப்பாளரிடம் சொன்னார். "வட்டம் மறந்ததுக்கில்ல. நீங்க படத்தைப் பார்த்துட்டீங்க."

குறிப்பாளர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து தாள், மை, பென்சில் வைத்திருக்கும் பண்டக அறை அவர் பொறுப்பாயிற்று. ஓவியக்காரி முதல் நாளே வந்து நான்கு பென்சில் கேட்டாள். அவர் ஆறு கொடுத்தார்.

படம் வெளியான அன்று குறிப்பாளர் குடும்பத்தோடு திரையரங்குக்குப் போனார். மச்சினனும் வந்தான், உட்காருமுன் இருக்கையின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்துக்கொண்டான். மூன்று விநாடிக் கதவு வந்து போயிற்று; ஒருவரும் கவனிக்கவில்லை. பெரிய நீர்யானை கையை உருவியது. குழந்தைகள் களுக்கென்று சிரித்தார்கள். நீர்யானை விளக்கானதும், தொட்டிலாட்டி அறியாத மச்சினன் தொடையில் அடித்துக்கொண்டு தியேட்டரே அதிரும்படி சிரித்தான். குறிப்பாளரின் வலக்கை மடியில் தானாக அசைந்து, காற்றில் ஐந்து என்று எழுதியது.

எழுதி முடித்ததும் அதே கையால் அவன் வாயைப் பொத்தினார்.

"மெதுவா சிரி மாப்ள. இப்பத்தான் தூங்குது."